குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய்: கூட நிற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பெற்றோருக்கு வேண்டியதை டாக்டரும் நர்ஸும் உட்காரவைத்துச் சொல்லிவிடுவார்கள். சித்தி, மாமா, தாத்தா, பக்கத்து வீட்டுக்காரர், வகுப்பு டீச்சர், அப்பாவோடு வேலை பார்ப்பவர் என்று சுற்றி இருப்பவர்களுக்கு அப்படிச் சொல்ல யாரும் இல்லை. இந்தக் கேள்வி பதில் அவர்களுக்கு. குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் அதிகம் காணப்படுவது அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய். அதை மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். குழந்தைகள் புற்றுநோய் வார்டில் குடும்பங்களோடு பேசுவது என் வேலை. அங்கே திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்தான் இவை. மருந்து, அளவு, தேதி எல்லாம் குழந்தையைப் பார்க்கும் டாக்டர் சொல்வதுதான்.

பிழைக்கிற நோய்தானா? மறைக்காமல் சொல்லுங்கள்.

ஆமாம், பெரும்பாலும் குணமாகிற நோய். வசதியான நாடுகளில் இந்த வகை வந்த 10 குழந்தைகளில் ஏறக்குறைய 9 பேர் பிழைக்கிறார்கள். நம் ஊரிலும் குழந்தைப் புற்றுநோய்க்கென்று பிரிவு வைத்திருக்கும் இடத்தில் சேர்ந்து, சிகிச்சையைக் கடைசிவரை முடிக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோர் பிழைத்துப் படிப்பு, வேலை என்று போகிறார்கள். சென்னையில் எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி, 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர் எனப் போவதற்கு இடங்கள் இருக்கின்றன.

ஆனால் எல்லா நாடுகளிலும் நிலைமை இப்படி இல்லை. குழந்தைப் புற்றுநோய்களை மொத்தமாக எடுத்தால், 2030-க்குள் 100 பேரில் 60 பேரையாவது பிழைக்கவைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018-இல் இலக்கு வைத்தது. அதையே இலக்காக வைக்கும் நிலையில்தான் பல நாடுகள் இருக்கின்றன. நோயைத் தாமதமாகக் கண்டுபிடிப்பது, இடையில் வரும் கிருமித்தொற்று, மருந்து கிடைக்காமல் போவது என்று காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, குடும்பம் சிகிச்சையை நடுவிலேயே விட்டுவிடுவது. டாக்டரால் மட்டும் தடுக்க முடியாத காரணம் இது. கூட இருக்கிறவர்கள் நினைத்தால் தடுக்கலாம். இங்கே நான் சொல்லப்போகும் எல்லாம் அதைச் சுற்றித்தான்.

ஒரே மாதத்தில் பையன் நல்லா ஆயிட்டான். அப்புறமும் ஏன் இரண்டு மூன்று வருஷம் ஆஸ்பத்திரி?

முதல் நான்கைந்து வாரச் சிகிச்சையிலேயே ரத்தத்திலும் எலும்பு மஜ்ஜையிலும் நோய் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். காய்ச்சல் போய்விடும், முகம் தெளியும், பையன் ஓடுவான். ‘கேன்சர் செல் இல்லை’ என்று ரிப்போர்ட்டும் வரும். ஆனால் மைக்ரோஸ்கோப்பில் சிக்காத செல்கள் அப்போதும் உடம்பில் கோடிக்கணக்கில் இருக்கலாம். அங்கேயே நிறுத்தினால் நோய் திரும்புவது ஏறக்குறைய நிச்சயம். திரும்பி வந்த நோயைக் குணப்படுத்துவது முதல் தடவையைவிட ரொம்பக் கஷ்டம்.

அதனால் அடுத்த பல மாதங்கள் கடுமையான கீமோ. அப்புறம் மெயின்டனன்ஸ் என்று ஒரு நீண்ட காலம்: தினமும் மெர்காப்டோபூரின் மாத்திரை, வாரம் ஒரு நாள் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை, அவ்வப்போது ரத்தப் பரிசோதனை. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் குழந்தைக்கு நாள் தவறாமல் மாத்திரை கொடுப்பது வெளியில் இருந்து பார்ப்பதைவிடக் கடினமான வேலை. ‘நல்லாத்தானே இருக்கான், எதுக்கு அந்தப் பிஞ்சு உடம்புக்கு இவ்வளவு மருந்து’ என்று ஒரு பெரியவர் பாசத்தில் சொல்லும் வார்த்தை அந்த நேரத்தில் உண்மையிலேயே ஆபத்து. தயவுசெய்து சொல்லாதீர்கள். ‘அடுத்த தேதி எப்போ, நான் வண்டி எடுத்துட்டு வரட்டுமா?’ என்று கேளுங்கள்.

பாட்டியோ சித்தியோ மாத்திரை கொடுக்கும் வீடுகளுக்கு ஒரு எச்சரிக்கை. மெத்தோட்ரெக்சேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. டப்பாவின் மேல் கிழமையைப் பெரிதாக எழுதி, மற்ற மாத்திரைகளிலிருந்து தனியாக வையுங்கள்.

எதனால் வந்தது? அவள் மாசமா இருந்தப்போ சரியாச் சாப்பிடலை என்கிறார்களே?

அம்மா சாப்பிட்டதாலோ சாப்பிடாததாலோ வந்ததல்ல. யார் செய்த பாவமும் அல்ல, கண்ணேறும் அல்ல. ரத்தம் உண்டாகும் இடத்தில் ஒரு செல்லின் மரபணுவில் ஏற்படும் மாற்றம்தான் தொடக்கம். பெரும்பாலான குழந்தைகளுக்கு அது ஏன் நடந்தது என்று யாராலும் சுட்டிக்காட்ட முடியாது. வீட்டில் யாராவது அந்த அம்மாவைக் குத்திப் பேசினால், அந்த இடத்திலேயே பேச்சை நிறுத்துங்கள்.

தொற்றுமா?

தொற்றாது. ஒரே தட்டில் சாப்பிடலாம், ஒரே பாயில் படுக்கலாம். நம்மிடமிருந்து குழந்தைக்கு ஏதும் தொற்றிவிடக் கூடாது என்பதுதான் கவலை. சளி, இருமல், வயிற்றுப்போக்கு இருந்தால் பார்க்கப் போகாதீர்கள்.

உதவி செய்ய ஆசை. ஆனால் என்ன கேட்டாலும் ‘ஒண்ணும் வேண்டாம்’ என்கிறார்கள்.

‘எது வேணும்னாலும் சொல்லுங்க’ என்றால் யாருக்கும் கேட்க வாய் வராது. யோசித்துக் கேட்கிற சக்திகூட அந்த நேரத்தில் இருக்காது. செய்யப்போகும் வேலையை நீங்களே பெயர் சொல்லிச் சொல்லுங்கள். ‘செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாடு நான் கொண்டு வர்றேன்.’ ‘பெரியவளை ஸ்கூல்ல இருந்து நான் கூட்டிட்டு வர்றேன், ராத்திரி எங்க வீட்டிலேயே படுத்துக்கட்டும்.’ ‘கரண்ட் பில், ரேஷன் ரெண்டும் என் பொறுப்பு.’ வார்டில் அட்டெண்டராக இருக்கும் அம்மா குளித்துவிட்டு வர ஒரு மணி நேரம் குழந்தையின் பக்கத்தில் உட்கார ஆள் கிடைத்தால் போதும், அன்றைய பொழுதே மாறும்.

முதல் வாரத்தில் கூட்டம் அலைமோதும். ஆறாவது மாதத்தில் வார்டு வாசலில் யாரும் இருக்க மாட்டார்கள். நான்கு குடும்பங்கள் சேர்ந்து முறை வைத்துக்கொண்டு, இரண்டாம் வருஷத்துக்கும் சேர்த்துத் திட்டம் போடுங்கள். எல்லோரும் ஒரே நாளில் ஆர்லிக்ஸ் பாட்டிலோடு வந்து நிற்பதால் யாருக்கும் லாபமில்லை.

போனில் ‘ரிப்போர்ட் என்ன ஆச்சு?’ என்று பத்துப் பேர் கேட்டால், அந்த அப்பா அதே வேதனையைப் பத்துத் தடவை சொல்ல வேண்டியிருக்கிறது. ஒருவர் மட்டும் கேட்டு, மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் சொல்லிவிடுங்கள்.

பணம் எப்படிச் சமாளிப்பது? நிலத்தை விற்கலாமா என்று யோசிக்கிறார்கள்.

முதல் வாரத்தில் எதையும் விற்க வேண்டாம். தமிழ்நாட்டில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால், முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு ஒரு குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். கார்டு இல்லையென்றால் வி.ஏ.ஓ.விடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் என்று உடனே அலைய வேண்டியிருக்கும். ஊரில் இருக்கிற மாமா செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி இந்த அலைச்சல்தான். குழந்தையோடு வார்டில் இருப்பவர்களால் தாலுகா ஆபீஸ் வாசலில் நிற்க முடியாது.

மருந்து இலவசமாகக் கிடைத்தாலும் பஸ், சாப்பாடு, அறை வாடகை, அப்பாவின் போன கூலி ஆகியவைதான் குடும்பத்தைச் சாய்க்கின்றன. சிகிச்சையை விட்டுப் போகிறவர்களில் பலர் மருந்துச் செலவால் போகவில்லை, இந்தச் சில்லறைச் செலவு தாங்காமல்தான் போகிறார்கள். ரயிலில் புற்றுநோய் நோயாளி சிகிச்சைக்குப் போய்வர ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் டிக்கெட் கட்டணத்தில் முழுச் சலுகை உண்டு. கூட வருபவருக்கு 75 சதவீதச் சலுகை. ஆஸ்பத்திரியில் அதற்கென்று இருக்கும் படிவத்தில் டாக்டரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். வெளியூர்க் குடும்பங்கள் தங்க, சென்னை உட்படப் பல ஊர்களில் செயின்ட் ஜூட் இந்தியா சைல்டுகேர் சென்டர்ஸ் போன்ற இலவச விடுதிகள் இருக்கின்றன. இதையெல்லாம் ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரிடம் முதல் நாளே கேளுங்கள். பல வார்டுகளில் யாராவது ஒருவர் அந்த வேலையில் இருப்பார்.

இணையத்தில் நிதி திரட்டுவதானால், மொட்டைத் தலையோடு அழும் குழந்தையின் படத்தைப் போடாதீர்கள். அந்தக் குழந்தை வளர்ந்து, கல்லூரிக்குப் போய், அந்தப் படத்தைப் பார்க்கும்.

காய்ச்சல் வந்தால்?

100.4 டிகிரி காட்டினாலே நேரத்தைப் பார்க்காமல் வார்டுக்குப் போன் செய்து கிளம்ப வேண்டியதுதான். கீமோவால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது கிருமித்தொற்று சில மணி நேரத்தில் ரத்தத்தில் பரவிவிடும். ஆன்டிபயாட்டிக் ஊசி சீக்கிரம் ஏற வேண்டும். பாராசிட்டமால் கொடுத்துவிட்டு ‘காலையில பாத்துக்கலாம்’ என்பது ஆகவே ஆகாது. தெருமுனை கிளினிக்கில் ஊசி போடுவதும் வேண்டாம்; ரத்தக் கசிவை நிறுத்தும் பிளேட்லெட் அணுக்கள் குறைவாக இருந்தால் ஊசி போட்ட இடத்தில் ரத்தம் கட்டிவிடும்.

கார் வைத்திருக்கும் பக்கத்து வீட்டுக்காரர் ‘ராத்திரி எத்தனை மணியானாலும் கதவைத் தட்டுங்க’ என்று முன்னாடியே சொல்லி வைப்பது பெரிய துணை. கார் யாரிடமும் இல்லையென்றால் 108-ஐக் கூப்பிடலாம்.

எங்கள் வீட்டில் ஒருவருக்கு அம்மை போட்டிருக்கிறது. சொல்லலாமா?

கட்டாயம் உடனே சொல்லுங்கள். அம்மை வந்தால் வெளியில் சொல்லாமல், வேப்பிலை கட்டி, மருந்து கொடுக்காமல் வீட்டோடு இருப்பது நம் வழக்கம். அந்த பக்தியை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கீமோவில் இருக்கும் குழந்தைக்குச் சின்னம்மை நுரையீரல்வரை போய் உயிரைப் பறிக்கலாம். கொப்புளம் தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அது பரவுகிறது. அந்த நாட்களில் குழந்தை உங்கள் வீட்டுக்கு வந்திருந்தால், இன்றே அவன் அப்பாவுக்குப் போன் செய்யுங்கள். முதல் நான்கு நாளுக்குள் தெரிந்தால் டாக்டர்கள் தடுப்புக்குக் கொடுக்கக்கூடியது இருக்கிறது. மணல்வாரி என்னும் தட்டம்மைக்கும் இதே அவசரம்தான்.

பப்பாளி இலைச் சாறு, நாட்டு மருந்து, ரத்தம் ஊற டானிக் கொடுக்கலாமா?

டாக்டரைக் கேட்காமல் எதுவும் வேண்டாம். கீமோ மருந்துகள் ஏற்கெனவே கல்லீரலைச் சோதிக்கின்றன. கூட என்ன போகிறது என்று தெரியாவிட்டால், பாதிப்பு எதனால் என்று டாக்டரால் கண்டுபிடிக்க முடியாது. டானிக்குகளில் இருக்கும் ஃபோலிக் ஆசிட், மெத்தோட்ரெக்சேட் வேலை செய்வதையே தடுக்கக்கூடும். சரி, அப்படியென்றால் சாப்பாடு? வீட்டில் சமைத்து ஆவி பறக்கும்போதே கொடுக்கும் எதுவும் நல்லது: இட்லி, குழைந்த சாதம், நன்றாக வெந்த முட்டை, கறி, மீன். கொதித்து ஆறிய தண்ணீர். தோல் உரித்துச் சாப்பிடும் வாழைப்பழம், கமலா. கடையில் வெட்டி வைத்த பழம், பச்சைச் சட்னி, சாலையோர ஜூஸ் வேண்டாம். ‘சூடு, குளிர்ச்சி’ என்று பத்தியம் வைத்துச் சத்தைக் குறைக்காதீர்கள். எடை இறங்கிய குழந்தையால் கீமோவைத் தாங்க முடியாது.

சாமி கும்பிடுவதும் நேர்ந்துகொள்வதும் மனதுக்குத் தெம்பு. நல்ல நாள் பார்த்து ஆஸ்பத்திரித் தேதியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

முதுகில் ஊசி போட்டால் கால் விளங்காமல் போய்விடும் என்கிறார்களே?

போகாது. தண்டுவடம் முடிந்த பிறகு, அதற்குக் கீழேதான் ஊசி இறங்குகிறது. மற்ற மருந்துகள் மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் போதிய அளவு போவதில்லை. அங்கே ஒளிந்திருக்கும் நோயை ஒழிக்க இந்த ஊசி வேண்டும். பயத்தால் இதை மறுக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களைத் திட்டாமல், ஏற்கெனவே பல தடவை போட்டுக்கொண்டு வார்டில் ஓடியாடும் ஒரு குழந்தையின் அம்மாவோடு பேசவையுங்கள்.

சாதுவான பிள்ளை. இப்போது கத்துகிறான், நடுராத்திரி சோறு கேட்கிறான். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்களா?

அது ஸ்டீராய்டு. டெக்ஸாமெத்தசோன் அல்லது பிரட்னிசோலோன் ஓடும் வாரங்களில் பசி அடங்காது, தூக்கம் கெடும், காரணமில்லாமல் கோபமும் அழுகையும் வரும். ராத்திரி இரண்டு மணிக்குப் புளிசாதம் வேண்டும் என்று உட்கார்ந்து அழுவான். அம்மா எழுந்து கிளறி எடுத்து வந்தால், இரண்டு வாய் தின்றுவிட்டு உப்புமா கேட்பான். மருந்து நின்ற கொஞ்ச நாளில் பழைய பிள்ளை திரும்பி வருவான். அதுவரை ‘என்ன பிள்ளை வளர்த்திருக்கே’ என்று ஒரு பார்வைகூடப் பார்க்காதீர்கள். அந்த அம்மா தூங்கிப் பல நாள் ஆகியிருக்கும்.

குழந்தையிடம் உண்மையைச் சொல்லலாமா?

வயசுக்குத் தகுந்த மாதிரி சொல்லத்தான் வேண்டும். சொல்லாவிட்டாலும் பக்கத்துக் கட்டிலில் இருந்து தெரிந்துகொள்கிறார்கள், அப்புறம் தனியாகப் பயப்படுகிறார்கள். ‘ஊசி போட மாட்டாங்க, சும்மா பாத்துட்டு அனுப்பிடுவாங்க’ என்று கூட்டிப் போகாதீர்கள். ஒரு தடவை பொய் என்று தெரிந்துவிட்டால் அடுத்த இரண்டு வருஷமும் ஒவ்வொரு கதவுக்கும் போராட்டம்தான். ‘ஊசி இருக்கு, கொஞ்ச நேரம் வலிக்கும், நான் கையைப் பிடிச்சுக்கிறேன்’ என்றால் பெரும்பாலான குழந்தைகள் கையை நீட்டிவிடுவார்கள்.

கூடப் பிறந்தவர்கள்?

எல்லோரும் மறக்கும் ஆள் அந்த அக்காவோ தம்பியோதான். திடீரென்று பாட்டி வீட்டில் விடப்பட்டு, அம்மாவைப் போனில் மட்டும் பார்த்து, ‘நான் அடிச்சதாலதான் தம்பிக்கு வந்துச்சா’ என்று மனசுக்குள் வைத்துக்கொண்டு இருப்பார்கள். வயிற்றுவலி, படுக்கையில் சிறுநீர், மார்க் குறைவது என்று அது வெளியில் தெரியும். உன்னால் வரவில்லை, உனக்கும் ஒட்டாது என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளையின் பிறந்தநாளை யாராவது ஒருவர் ஞாபகம் வைத்துக் கொண்டாடுங்கள்.

ரத்தம் கொடுக்க ஊரே தயாராக இருக்கிறது.

நல்லது, ஆனால் ஒரே நாளில் வராதீர்கள். பிளேட்லெட்டை 5 நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. யார் யாருக்கு என்ன வகை ரத்தம், கடைசியாக எப்போது கொடுத்தார்கள், எந்தக் கிழமை வர முடியும் என்று ஒரு பட்டியல் போட்டு ஒருவரிடம் வையுங்கள். முழு ரத்தம் கொடுத்த ஆண் அடுத்து கொடுக்க 90 நாளும் பெண் 120 நாளும் பொறுக்க வேண்டும். அப்பா அம்மா, கூடப் பிறந்தவர் கொடுப்பதற்கு முன் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

நடக்கும்போது தடுக்கி விழுகிறாள். சோம்பல் என்று நினைத்தோம்.

சோம்பல் இல்லை. இதை முதலில் கவனிப்பது பெரும்பாலும் பாட்டிகள்தான்: நடக்கும்போது செருப்பு தானாகக் கழன்று விழும். வின்கிரிஸ்டின் என்ற மருந்து நரம்பைப் பாதிப்பதால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகிறது. குதிகாலால் மட்டும் நாலடி நடக்கச் சொல்லிப் பாருங்கள். முடியவில்லையென்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். மலச்சிக்கலும் தாடை வலியும்கூட அதே மருந்தால் வரலாம். இன்னொரு பக்கம் ஸ்டீராய்டு தொடைத் தசையை வலுவிழக்கச் செய்கிறது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியாது, மாடிப்படி ஏற முடியாது, நம் ஊர்க் கழிப்பறையில் குத்தவைத்து உட்கார முடியாது. பெரிய பெண் இதைச் சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு சாப்பாட்டையே குறைத்துக்கொள்வாள். நடுவில் துளை உள்ள கமோடு நாற்காலி ஒன்று வாங்கிக் கொடுங்கள். பூங்கொத்து, பொம்மையைவிட அது உதவும்.

பெரும்பாலும் இந்தப் பலவீனம் சரியாகும், ஆனால் தானாக விட்டுவிடக் கூடாது. பிசியோதெரபிஸ்ட் குதிகால் தசைநாரை நீட்டும் பயிற்சியும், பாதம் தொங்காமல் இருக்கப் பட்டையும் கொடுப்பார். பயிற்சி தினமும் பத்துப் பதினைந்து நிமிஷம், சலிக்காமல். அம்மா சொன்னால் கேட்காத பிள்ளை மாமா சொன்னால் விளையாட்டாகச் செய்யும். சுவரில் கோடு போட்டு ‘இன்னிக்கு இதுவரைக்கும் காலைத் தூக்கு’ என்று தினமும் சாயங்காலம் வந்து நிற்கும் ஒரு மாமா இருந்தால் அந்தக் குடும்பம் கொடுத்துவைத்தது. ஊருக்குத் திரும்பிய பிறகு, 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர வாய்ப்பு உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். எண்ணெய் போட்டு உருவிவிடுவது, நரம்பு எடுப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். இடுப்பிலோ முழங்காலிலோ வலி விடாமல் இருந்தால் அது எலும்புப் பாதிப்பாக இருக்கலாம். டாக்டர் உடனே பார்க்க வேண்டும்.

பள்ளிக்கூடம் எப்போது? டீச்சர் என்ன செய்ய வேண்டும்?

மெயின்டனன்ஸ் தொடங்கியபின் பெரும்பாலான குழந்தைகளை டாக்டர்கள் பள்ளிக்கு அனுப்பச் சொல்கிறார்கள். முதல் நாளுக்கு முன்பே வகுப்பில் பேசிவிடுங்கள்: ஒட்டாது, முடி திரும்ப வளரும், கேலி கூடாது. தலையைப் பொறுத்தவரை பையன்களுக்குப் பழனி மொட்டை, திருப்பதி மொட்டை என்று போய்விடும். பத்துப் பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு அப்படி இல்லை. துணி கட்டிக்கொள்ள அனுமதி கொடுங்கள்.

சில குழந்தைகளுக்கு எழுதும் வேகம், கவனம், கணக்கு கொஞ்சம் பின்தங்கும். தலைக்குக் கதிர்வீச்சு கொடுத்திருந்தால் கூடுதலாக. முன்வரிசை, பரீட்சையில் கூடுதல் நேரம், போர்டில் எழுதியதை போட்டோ எடுத்து அனுப்புவது என்று செய்தால் சமாளித்துவிடுவார்கள். வகுப்பில் யாருக்காவது அம்மை என்று தெரிந்தால் அன்றே பெற்றோருக்குச் சொல்ல வேண்டும். பரிதாபப்பட்டு வீட்டுப்பாடமே கொடுக்காமல் விடும் டீச்சர்கள் உண்டு. அந்தப் பிள்ளைக்கு மற்றவர்களைப் போல நடத்தப்படத்தான் ஆசை.

மருந்து கேட்கவில்லை, இனி குணமாகாது என்று சொல்லிவிட்டால்?

அப்போதும் செய்ய நிறைய இருக்கிறது. வலி இல்லாமல் பார்த்துக்கொள்ள முடியும்; மார்ஃபின் கொடுப்பது உயிரைச் சுருக்க அல்ல, வலியை எடுக்க. வீட்டிலேயே இருக்க விரும்பினால் வலி நிவாரணக் குழுவைப் பற்றி ஆஸ்பத்திரியில் கேளுங்கள். ‘இன்னொரு இடத்துக்குக் கொண்டுபோங்க, அங்கே ஒருத்தர் குணமாக்குறாராம்’ என்று கடைசி நாட்களில் குடும்பத்தை அலையவிடாதீர்கள்.

குழந்தை போன பிறகு, ‘இன்னொண்ணு பெத்துக்கலாம்’ என்று யாரும் சொல்லக் கூடாது. குழந்தையின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள். பதினாறாம் நாளோடு வருவதை நிறுத்தாதீர்கள்.

சிகிச்சை முடிந்துவிட்டது. இனி கவலை இல்லைதானே?

ஊரெல்லாம் இனிப்பு கேட்கும். அம்மாவுக்கோ அன்றைக்குத்தான் பயம் கூடும், மாத்திரை என்ற காவல் போய்விட்டதே என்று. ஒவ்வொரு தலைவலிக்கும் நெஞ்சு பதறும். நோய் திரும்பும் வாய்ப்பு முதல் சில வருஷங்களில்தான் அதிகம் என்பதால் பரிசோதனைக்குப் போவது தொடரும். அவளோடு ஒருவர் போய்வாருங்கள். விட்டுப்போன தடுப்பூசிகளை எப்போது போடலாம் என்று கேட்க வேண்டும், பொதுவாக ஆறு மாதம் கழித்து. சில கீமோ மருந்துகள் இதயத்தைப் பின்னாளில் பாதிக்கலாம் என்பதால் எக்கோ என்ற இதய ஸ்கேன் எப்போது எடுப்பது என்றும் கேளுங்கள்.

எந்த மருந்து, மொத்தம் எவ்வளவு கொடுத்தார்கள் என்ற சுருக்கத்தை டாக்டரிடம் எழுதி வாங்கி, லேமினேட் செய்யாமல் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை உங்கள் வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். இருபது வருஷம் கழித்து வேறு ஊரில் ஒரு டாக்டர் அதைக் கேட்பார்.